ஆறு கட்டைக் குரல்

பாட்டின் இரண்டாவது அடி மேலே ஏறும் இடத்தில் இஞ்ஞாசியம்மாளின் குரல் மறுபடியும் நின்றது. நூல் அறுந்த பிறகும் கதிர் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்குமே, அதுபோல வினோலியாவின் விரல்கள் மட்டும் கீபோர்டில் நாலைந்து சுரங்கள் ஓடிவிட்டு அடங்கின.

கூடத்தில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் பெட்டி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. அதற்குள் சூசைமுத்து வெள்ளை வேட்டி சட்டையோடு, விரல்களில் செபமாலை சுற்றப்பட்டுப் படுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. கோவிலில் விடியற்காலைப் பூசைக்கு நாள் தவறாமல் வாசித்தவர் அவர். பாடியவள் அவர் மனைவி இஞ்ஞாசியம்மாள். இன்று பிற்பகல் நடக்கப்போகும் அவருடைய அடக்கப் பூசைக்கும் தானே பாடுவதாக அவள் சொல்லியிருந்தாள். வாசிக்க மகள் வினோலியா. ஒத்திகைக்காகக் கோவில் கீபோர்டை ரொனால்டு ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை இளைஞர் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன் அவன்.

"தொண்ட காஞ்சு கெடக்கு அத்தே. செத்த தண்ணி குடிச்சிட்டு எடுங்க," என்றான்.

குடித்தாள். எடுத்தாள். அதே இடத்தில் நின்றது.

வினோலியாவுக்கு விளங்காதது இதுதான். முந்தாநாள் யாரோ ஒருவரின் நினைவுப் பூசையில் இதே பாட்டை, இதே கட்டையிலிருந்து, அப்பா வாசிக்க அம்மா பாடினாள். மில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் வினோலியாவே கோவில் வாசலில் நின்று கேட்டாள். அந்த ஏற்றத்தில் குரல், சொந்த வீட்டுப் படியில் கால் வைப்பதுபோல, யோசிக்காமல் ஏறிப் போனது. இரண்டு நாளில் ஒரு குரல் எங்கே போகும்? அழுது தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அம்மா இன்னும் அழவே இல்லை.

கட்டைக் கணக்கு ஒன்றும் கடினமானதல்ல. ஆர்மோனியமோ கீபோர்டோ, வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று இடமிருந்து எண்ணிக்கொண்டு போக வேண்டும். இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் அரைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை. ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மட்டும் கறுப்பு இல்லை. அவை ஒட்டிப் பிறந்தவை. பாடுகிறவர் எந்தக் கட்டையைத் தன் 'சா' என்று வைத்துக்கொள்கிறாரோ அதுதான் அவருடைய சுருதி. ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலோ ஒன்றரையிலோ நிற்பார்கள். பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. இஞ்ஞாசியம்மாளுக்கு ஆறு. பாவாடை தாவணியில் பாடகர் குழுவில் சேர்ந்த நாளில் ஆறு, தலை முழுக்க நரைத்த பிறகும் ஆறு. தன் வயதில் ஆறு கட்டையில் பாடுகிற இன்னொருத்தியைக் கூட்டிவந்து காட்டச் சொல்லி, பங்குக்கு வருகிற சாமியார்களிடமெல்லாம் அவள் சவால் விட்டிருக்கிறாள்.

"கொஞ்சம் கீழ எறக்கி வாசிங்கக்கா," என்று ரொனால்டு காதருகே சொன்னான்.

அம்மா கண்களை மூடியிருந்த நேரம் பார்த்து வினோலியா கையை இடப்பக்கம் நகர்த்தினாள். ஐந்தில் குரல் திணறியது. நான்கில் மூச்சு வாங்கியது. மூன்றாவது கட்டையில் வைத்தபோது, அளவெடுத்துத் தைத்த சட்டைபோல, குரல் அப்படியே போய் உட்கார்ந்தது. முதல் அடி போனது, இரண்டாவது அடியின் ஏற்றமும் போனது. அப்போது அம்மா கண்ணைத் திறந்து மகளின் கையைப் பார்த்தாள்.

"எங்கடி வைக்கிற கைய?"

"சும்மா ஒரு வாட்டிம்மா. இங்க நல்லா வருதுல்ல."

"ஒங்கப்பா ஒரு நா அங்க வச்சதில்ல. முடியாதவகளுக்கு வாசிக்கிற எடம்டி அது." பிறகு சுற்றியிருந்த பெண்களைப் பார்த்து, சண்டை போட்டு ஓய்ந்தவள்போலத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எங்கொரல அவரு கையோட கொண்டுபோயிட்டாரு. இனி வராது. பூச பாட்டில்லாமயே நடக்கட்டும்."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அந்தப் பங்கில் யார் செத்தாலும் சூசைமுத்து வாசிக்காமல் அடக்கம் நடந்ததில்லை. சண்டை போட்டவர்களுக்கும் வாசித்தார். அவர் போகும்போது கோவில் ஊமையாக இருக்கப்போகிறது. ரொனால்டு அதற்கும் வழி வைத்திருந்தான். போனில் பாட்டு இருக்கிறது, ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளலாம் என்றான். காலைப் பூசைக்கே பென்டிரைவ் போதும் என்று அவன் சாமியாரிடம் ஒருமுறை சொன்னது அம்மாவின் காதுக்கு வந்து, அவள் ஒரு தவக்காலம் முழுக்க அவனோடு பேசாமல் இருந்தாள். இப்போது அவள் மறுத்துக்கூடச் சொல்லவில்லை.

வினோலியா எழுந்துபோய் அம்மாவின் தோளைத் தொட நினைத்தாள். முடியவில்லை. முன்னால் கீபோர்டு ஸ்டாண்டு, இடப்பக்கம் ஐஸ் பெட்டி, முதுகுக்குப் பின்னால் பீரோ. வலப்பக்கம் நெருக்கிப்பிடித்து உட்கார்ந்திருந்த பெரியம்மா சித்திகள் எழுந்து வழிவிட்டால்தான் அவள் வெளியே வரலாம். ஐஸ் பெட்டிக்கும் கீபோர்டுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிதான். அதன் வயர் அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு போனது. காலையிலிருந்து அவள் அந்த இடுக்கில்தான் இருந்தாள்.

வேடசந்தூரில் ஒரு நூற்பாலையில் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. கோயம்புத்தூரில் ஒரு சோதனைக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த மாதம் போய்ச் சேர வேண்டும். அது தெரிந்த ஒரே ஆள் அப்பா. அவள் வாயைத் திறக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டு அம்மா நல்ல மனதாக இருக்கும்போது தானே சொல்லிக்கொள்வதாக ஏற்றுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் போய்விட்டார். விடிந்ததிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: இனிமேல் காலைப் பூசைக்கு வினோலியாதான் வாசிப்பாள், அப்பன் இடத்தில் மகள். கேட்டவர்கள் வினோலியாவின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போனார்கள். ஊருக்கு வர டிக்கெட் கிடைக்காமல் கத்தாரில் உட்கார்ந்திருந்த அண்ணன் அமலன் போனில் அழுதான்.

"அம்மா பக்கத்துல நீ இருக்கங்கிற தைரியந்தான் பாப்பா எனக்கு."

அவள் 'ம்' என்றாள்.

இப்போது அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்த பிறகு, வினோலியாவுக்குள் ஒரு நினைப்பு வந்து நின்றது. அம்மா பாடமாட்டாள் என்றால் காலைப் பூசைக்கு வாசிக்க ஆள் தேவையில்லை. குரல் போனால் போகட்டும், அதோடு சரி, யாரிடமும் எதையும் சொல்லாமலே கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறிவிடலாம். நினைத்து முடித்ததும் ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் தன் முகம் தெரிவதைப் பார்த்து, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பகல் தொழுகை முடிந்து அப்துல் ஹக்கீம் வந்தார். அடுத்த தெருப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்கிற மோதினார். விடிவதற்கு முன் தொழுகை முடிந்து அவர் வெளியே வர, கோவிலைத் திறக்க சூசைமுத்து கிளம்ப, இருவரும் ஒரே டீக்கடையில் நிற்பார்கள். பிள்ளையார் கோவில் பஜனைக் குழு முருகேசனும் பூ மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் வந்து சேர்வார். மூன்று பேரும் டீயை ஆற்றிக்கொண்டு தொண்டையைப் பற்றித்தான் பேசுவார்கள். பனியில் எது கட்டும், மிளகு நல்லதா சுக்கு நல்லதா என்று.

ஹக்கீம் பெட்டியருகே தலை குனிந்து வெகுநேரம் நின்றார். பிறகு வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தங்கச்சி ஏன் சுவரைப் பார்த்து இருக்கிறது என்று கேட்டார். ரொனால்டு நடந்ததைச் சொன்னான்.

"தொண்ட நம்ம சொல்லு கேக்குற வயசா தங்கச்சி இது?" என்றார் அவர். "முந்தியெல்லாம் எம்பாங்கு பஸ்ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். இப்ப மைக்கு இல்லாட்டி எம்பொண்டாட்டிக்கே கேக்காது."

ஒரு சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா திரும்பவில்லை. ஹக்கீம் வினோலியாவிடம் பேச்சை மாற்றினார்.

"எனக்கு ஒரு லேசு இருக்கு தாயி. பாங்குக்குப் பக்கவாத்தியம் கெடையாது. அன்னைக்குத் தொண்ட எங்க உக்காந்திருக்கோ அங்கருந்து எடுத்துக்கிறது. எந்தக் கட்டைன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாக. முருகேசன் பாடு அதவிட லேசு. அவரு சுருதிப் பொட்டியில ஒரு திருகு இருக்கு, பாடுற ஆளுக்குத் தக்கன திருகிக்குவாரு. ஒங்க கோவில்லதான் செரமம். பொட்டி எறங்கி வராது, ஆளுதான் ஏறணும். சூசைகிட்டயே கேட்டேன், ஒம்பொட்டிக்கு ஒரு திருகு வச்சுக்கக் கூடாதாப்பான்னு."

"அப்பா என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொன்னான். 'வைக்காமயா பாய்'னு சிரிச்சுக்கிட்டே போனான்."

புருஷனைப் பற்றிய பேச்சு என்றதும் அம்மா சுவரைவிட்டுத் திரும்பினாள்.

"அவரு பொட்டியத் திருகுற ஆளு இல்ல பாய். தொட்டுக் கும்புடுற ஆளு. ஸ்விச்சப் போட்டதும் அஞ்சு காயத்துக்கும் அஞ்சு தரம் வெரலால தொட்டு வேண்டிக்கிட்டுத்தான் வாசிக்கவே ஆரம்பிப்பாரு. கோவிலுக்குள்ள நொழையிறப்ப தெனமும் பாப்பேன். அம்புட்டு பக்தி."

பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். சிலுவையில் ஆண்டவருக்குக் கையில் இரண்டு, காலில் இரண்டு, விலாவில் ஒன்று என்று ஐந்து காயங்கள். அவற்றை நினைத்து வேண்டிக்கொள்வது அந்த வீடுகளில் எல்லோருக்கும் பழக்கம்தான்.

வினோலியா மட்டும் ஐந்து என்ற சொல்லில் நின்றுவிட்டாள். அவள் சின்னப் பிள்ளையாக முதல் நற்கருணை, அதாவது புது நன்மை, வாங்கிய வருஷம்தான் இந்தக் கீபோர்டு கோவிலுக்கு வந்தது. அப்பாவின் இடுப்புயரத்தில் நின்று அவர் விரலைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவர் தொட்டது மூன்று முறை. எதற்கு என்று கேட்டதற்கு, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்றார். கல்லூரிக்குப் போன காலத்தில் ஒருநாள் பார்த்தபோது அது நான்காகியிருந்தது. இது என்ன புதிதாக என்று கேட்டாள். நற்செய்தி எழுதினவர்கள் நாலு பேர்தானே என்றார். வயதாக ஆக அப்பாவுக்குப் பக்தி கூடுகிறது என்று நினைத்து அதை மறந்தும்விட்டாள். இப்போது ஐந்து காயம்.

அவள் கீபோர்டின் முகப்பைப் பார்த்தாள். வலது ஓரத்தில் இரண்டு சின்னப் பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் கூட்டல் குறி, நேற்று அச்சடித்ததுபோல வெள்ளையாக. மற்றதில் ஒன்றுமே இல்லை. பூச்சு தேய்ந்து, நடுவில் விரல் நுனி அளவுக்கு வழவழவென்று குழிந்திருந்தது. அவற்றுக்கு மேலே எண் காட்டும் சின்னத் திரையை மறைத்து வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டப்பட்டிருந்தது. அதையும் அப்பாதான் ஒட்டினார்.

அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சத்தம் அடுத்த கட்டைக்கு இறங்கும் என்று வைத்துக்கொண்டு, மனதுக்குள் கட்டைகளை எண்ணினாள். ஆறிலிருந்து ஒன்று இறங்கினால் ஐந்தரை. இன்னொன்று, ஐந்து. பிறகு நாலரை. பிறகு நான்கு. நான்குக்குக் கீழே கறுப்பு இல்லை, நேரே மூன்று. ஐந்தாவது இறக்கம் மூன்றில் வந்து நின்றது.

விரல் ஆறிலேயே இருக்கும். பார்க்கிறவளுக்கு ஆறுதான் தெரியும். சத்தம் மட்டும் கீழே இறங்கி, பாடுகிறவள் இருக்கிற இடத்துக்கு வந்துவிடும்.

கை தானாகப் பொத்தானை நோக்கிப் போனது. ரொனால்டு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நல்ல பையன்தான், ஆனால் அவனுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் இளைஞர் குழு முழுக்கத் தெரியும், பிறகு அம்மா கோவிலுக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு சிரிப்பு ஓடும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவளுக்கே தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டாள். காலால் துழாவிக் கீபோர்டின் ஸ்விட்சை அணைத்தாள்.

மூன்று மணியளவில் சவப்பெட்டி வந்தது. ஐஸ் பெட்டியைத் திறந்து ஆண்கள் அப்பாவைத் தூக்கி மாற்றினார்கள். செபமாலை நழுவி வலது கை தனியே விழுந்தது. அம்மா அதை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். சுருண்டிருந்த ஆள்காட்டி விரலை மெல்ல நீட்டிவிட்டாள். அவள் உதடுகள் அசைந்தன. செபம் சொல்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எதிரே இருந்த வினோலியாவுக்கு அது அந்தப் பாட்டின் முதல் அடி என்று தெரிந்தது. உதடுகள் இரண்டாவது அடிக்குப் போய், ஏற்றம் வரும் இடத்தில் நின்றன. அம்மா சுற்றிலும் பார்த்தாள், எங்கோ வைத்த பொருளைத் தேடுகிறவள்போல.

"வழி விடுங்க சித்தி," என்றாள் வினோலியா.

பெண்கள் எழுந்தார்கள். அவள் வயரிலிருந்து காலை விடுவித்துக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

"நான் முன்னாடி கோவிலுக்குப் போயிப் பொட்டிய மாட்டுறேன். நீ வந்து ஒரு தடவ எடும்மா. ஆறுலதான் வாசிப்பேன்."

"வராதுடி."

"வரும்."

ஆட்டோவில் கீபோர்டை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு போனாள். முன்சீட்டில் ரொனால்டு ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான். அது அவள் காதில் விழவில்லை. துக்க மணி விட்டு விட்டு அடிக்கத் தொடங்கியிருந்தது.

கோவிலில் ரொனால்டு மைக் வயரை இழுத்துக்கொண்டு பீடத்தின் பக்கம் போனான். பீடத்துக்கு இடப்பக்கம், அப்பாவின் இடத்தில், அவள் ஸ்டாண்டை விரித்து, வயரை மாட்டி, ஸ்விட்சைப் போட்டாள். ஆறாவது கட்டையைத் தொட்டாள். ஆறு ஒலித்தது. கீபோர்டு எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை.

வாசலில் சிலுவையும் மெழுகுவர்த்திகளும் தெரிந்தன. பின்னால் சவப்பெட்டி வந்தது. வினோலியா குனிந்து, பூச்சு தேய்ந்த பொத்தானில் விரலை வைத்தாள். அந்தக் குழி அவள் விரலுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. மாதா படத்தின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தாள். கழித்தல் ஐந்து. மறுபடி அழுத்தி ஒட்டினாள். ஆறாவது கட்டையைத் தொட்டாள். மூன்று ஒலித்தது.

அவள் நிமிர்ந்தபோது அம்மா சவப்பெட்டிக்குப் பின்னால் வாசற்படியில் நின்று அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்தில் தாங்கி வந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். அவளும் வினோலியாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ரொனால்டு திரும்பி வந்தான். "என்னக்கா, எதையோ அமுக்குனீங்க?"

"அஞ்சு காயத்துக்கு," என்றாள்.

அவன் மரியாதையாக ஒதுங்கி நின்றான்.

அம்மா வழக்கமான தூணருகே வந்து நின்று அவள் கையைப் பார்த்தாள். கை ஆறில் இருந்தது. முதல் அடி நடுங்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது அடி ஏறும் இடம் வந்தது. அம்மாவின் குரல் நிற்கவில்லை. படியில் கால் வைத்து ஏறி, மேலே போய், அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கியது. கடைசி வரிசையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்த ஹக்கீம் துண்டால் முகத்தைத் துடைத்தார். பாட்டு முடிகிற வரைக்கும் அம்மா அழவில்லை. முடிந்த பிறகுதான் அழுதாள், காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த எல்லாவற்றையும் சேர்த்து.

முதல் வாசகத்துக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது அவள் மகளின் பக்கம் சாய்ந்தாள்.

"பாத்தியா, எங்கயும் போகல. ஆறு கட்டதான்."

"ஆமாம்மா."

"நாளைக்கி மொத மணிக்கே வந்திரு. அவரு அப்பிடித்தான் வருவாரு."

வினோலியா விரல்களைக் கட்டைகளின் மேல் சத்தம் வராமல் வைத்திருந்தாள். அம்மாவுக்கு இன்னும் வயதாகும்போது ஐந்து தரம் தொடுவது ஆறு தரமாகும். ஆறுக்கு அப்பா என்ன காரணம் வைத்திருந்தார் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

மின்சாரம் நின்றால் அந்தப் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் இந்த மாதமும் அடுத்த மாதமும் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில், அம்மா வந்து சேருவதற்கு முன், ஸ்விட்சைப் போட்டு, பூச்சு தேய்ந்த பொத்தானை ஐந்து முறை அழுத்த வேண்டும். பிறகு ஆறாவது கட்டையிலிருந்து வாசிக்கலாம்.